காந்தியடிகளும் புலால் மறுத்தலும்

விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாறு எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, எவரை எழுதுவது என்பதில் எமக்கு ஐயம் உண்டாகவில்லை. அவர் வாழ்வில் எதனை எழுதுவது என்பதே வில்லங்கமாயிற்று. காந்தியடிகளின் உப்புச் சத்தியாக்கிரகமும் சிறைவாசமும் கீழ்வகுப்பு மாணவருக்கும் பாடமாயுள்ளன. ஆதலால் அவற்றை விடுத்து, அடிகளின் உணவைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

இத்துணிவுக்குக் காரணமும் உண்டு. எம்மிற் பலர் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் மரக்கறி உணவே உண்டு வளர்ந்தோம். அது யாம் தெரிந்தெடுத்ததன்று, விடுதியின் ஒழுங்கு. உத்தியோகம் தேடிக் கொழும்புக்கும் அதற்கப்பாலும் சென்ற பின்னர், வெள்ளிக்கிழமையிலும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளிலும் மாத்திரம் மச்சம் நீக்கி, எஞ்சிய நாள்களில் எதிர்ப்பட்டதை உண்பவராயினோம். வள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலிலன்றோ வைத்தார் என்று ஆறுதல் கூறிக்கொள்ளும் இல்லறத்தாரும் எம்முள் உளர். யாம் எம்மைக் குறித்தே இவ்வாறு சொல்லுகின்றோம்; எவரையும் பழிக்கப் புகுந்தோமல்லோம். பிறப்போடு வந்த வழக்கம் ஒன்று எவ்வாறு ஒருவரின் சொந்தக் கொள்கையாக மாறுகின்றது என்பதை அறிய விரும்புவோருக்கு அடிகளின் வரலாற்றைப்போலத் தெளிவான சான்று வேறில்லை என்பது எமது எண்ணம்.

மோகனதாசர் 1869ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் கத்தியவாரிலுள்ள போர்பந்தரிலே பிறந்தார். தந்தையார் கரம்சந்திர காந்தி சமஸ்தானத்துத் திவானாயிருந்தவர். தாயார் புத்லிபாய் நோன்புகளில் ஊறிய வைணவப் பெருமாட்டி. சமண முனிவர் வந்து போகும் இல்லம் அது. குஜராத்திலே வைணவரும் சமணரும் புலாலை எவ்வளவு வெறுத்தனரோ, அவ்வளவு வெறுப்பை வேறிடங்களிற் காண்டல் அரிது. அத்தகைய குடியிற் பிறந்த சிறுவர், இராஜகோட்டையிலே உயர்தரப் பாடசாலையிற் படிக்கும்போது இறைச்சி உண்டார்!

அதற்கு வழிகாட்டியவன் அவருடைய தமையனாரின் நண்பன் ஒருவன். உடல் வலியன், ஓடுவதிலும் தாண்டுவதிலும் வல்லவன். மோகனதாசரோ மெலிந்த உடலினர். கள்வருக்கும் பேய்க்கும் பாம்புக்கும் அஞ்சி, இருளிலே வெளியே செல்லத் தயங்குபவர். ஆங்கிலேயர் இறைச்சி உண்பதனாலேயே வலிமை பெற்று இந்தியரை ஆளுகின்றனர் என்று அந்நண்பன் போதித்தான். அக்காலத்துப் பள்ளிச் சிறுவரிடையே அக்கருத்தமைந்த பாட்டொன்றும் வழங்கிற்று. நாடு விடுதலை பெறுவதற்கு ஆட்டிறைச்சி வேண்டும் என்று நம்பிய தேசபக்தர் அந்நாளில் அவர்!

ஆற்றங்கரையில் ஒதுக்கிடம் ஒன்றை நாடி இருவரும் சென்றனர். வெதுப்பகத்துப் பாணும் ஆட்டிறைச்சியும் அன்றைய விருந்து. இறைச்சி தோலைப்போல் இறுகியிருந்தது. அவரால் உண்ண முடியவில்லை. அன்றிரவு கண்ணயரும்போதெல்லாம் உயிருள்ள ஆடு ஒன்று தம் வயிற்றினுள்ளே இருந்து கதறுவதுபோலத் தோன்றத் திடுக்கிட்டெழுந்தார். ஆயினும் இது கடமை என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார். பின்னர் நண்பன் சுவைபெறச் சமைப்பித்து, மேசையும் நாற்காலியும் அமைந்த அரசினர் மாளிகையிலே விருந்து வைத்தான். ஓராண்டு காலத்தில் ஐந்தாறு முறை இவ்விருந்து நடந்திருக்கும்.

அதனை நிறுத்தியது ஆட்டின் மீது கொண்ட இரக்கமன்று. இதனை மாணவர் கருத்தூன்றி நோக்கல் வேண்டும். விருந்துண்ட நாள்களில் வீட்டிலே உணவு செல்லாது. தாயார் ஏன் உண்ணவில்லை என்று வினவுவார். பசியில்லை, செமியாக் குணம் என்று மகன் பொய்யுரைப்பார். அப்பொய்யே அவரை அறுத்தது. பெற்றோர் உயிரோடிருக்கும்வரை இறைச்சி தொடுவதில்லை என்றும், அவர் காலத்துக்குப்பின் மறைவின்றி உண்ணலாம் என்றும் தீர்மானித்தார். ஆகவே, அடிகள் முதன்முதல் புலாலை விட்டது வாய்மையின் பொருட்டேயாம். கொல்லாமை அவருள்ளத்திற் புகுந்தது பின்னரே.

தந்தையார் 1885ஆம் ஆண்டிலே காலமானார். மூன்றாண்டுகளுக்குப் பின் பாரிஸ்டர் படிப்புக்காக மகனை இலண்டனுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தது. அங்கே சென்ற இளைஞர் இறைச்சியும் மதுவுமின்றி வாழார் என்று தாயார் கேள்விப்பட்டிருந்தார். குடும்பத்துக்கு வேண்டியவரான பேசார்ஜி சுவாமி என்னும் சமண முனிவர் வழி கண்டார். மது, மாது, மாமிசம் என்னும் மூன்றையும் தீண்டுவதில்லை என்று முனிவர் முன்னிலையிலே மகன் சபதஞ் செய்தபின்னரே தாயார் விடை கொடுத்தார். கடல் கடத்தல் ஆகாது என்று பம்பாயிலே சாதித் தலைவர் அவரை விலக்கி வைத்தனர். 1888ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதும் நிரம்பவில்லை.

கப்பலிலே கரண்டி முள்ளுப் பிடிக்கவும் அறியார்; எந்தப் பதார்த்தத்தில் இறைச்சி உண்டு என்று கேட்கவும் நாணம். ஆதலின் தம் அறையிலேயே தங்கி, ஊரிலிருந்து கொண்டுபோன பலகாரத்தையும் பழத்தையும் உண்டார். பிஸ்கே விரிகுடாவைத் தாண்டினால் இறைச்சியின்றி உயிர் தரியாது என்று உடன்வந்த ஆங்கிலேயர் ஒருவர் அன்போடு எச்சரித்தார். விரிகுடாவும் தாண்டிற்று, உயிரும் தரித்தது. தாம் இறைச்சி உண்ணவில்லை என்பதற்கு நற்சாட்சிப் பத்திரமும் சேர்த்துக்கொண்டார். இறைச்சி உண்டவரும் அத்தகைய பத்திரம் பெறலாம் என்று பின்னர் அறிந்தபோது அதன்மேலிருந்த பற்று நீங்கிற்று.

இலண்டனில் முதற் சில மாதங்கள் அவர் பட்ட பாடு பெரிது. உப்பும் மசாலையும் காணாத அவித்த கீரை. அதனோடு பாணும் பழப்பாகும். இரண்டு மூன்று துண்டுக்குமேற் பாண் கேட்பது மரியாதையன்று என்று வாளாவிருந்துவிடுவார். வளரும் வயது, வயிறோ நிரம்பவில்லை. றிச்மண்டில் அவரைத் தம்மோடு வைத்திருந்த இந்திய நண்பர், எழுத்தறியாத் தாயின்முன், இந்நாட்டு நிலைமை தெரியாது செய்த சபதம் சபதமாகாது என்று நாள்தோறும் வாதித்தார். பெந்தாம் என்னும் தத்துவஞானியின் நூலை எடுத்துப் படித்தும் காட்டினார். இளைஞரால் எதிர்வாதஞ் செய்ய இயலவில்லை. நூலின் நுட்பம் தமக்கு விளங்கவில்லை, ஆயினும் சபதம் சபதமே என்ற ஒரே விடையைப் பணிவோடு கூறிவந்தார். வாதத்திலே தோற்றும் உறுதியிலே தோலாமை அன்று தொடங்கி அவர் வாழ்நாள் முழுதும் காணப்பட்ட இயல்பு.

பின்னர் மேற்கு கென்சிங்டனில் கைம்பெண் ஒருத்தியின் வீட்டிற் குடியிருந்தார். வீட்டுக்காரியின் பெண்மக்கள் இரங்கி மேலும் ஒரு துண்டு பாண் வைப்பர், அதுவும் போதாது. மரக்கறி உணவுச்சாலைகள் நகரத்தில் உண்டு என்று கேள்வியுற்று, நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடலானார். மலிவான சாலையிலே பாணை வயிறார உண்டு திரும்புவார், மனம் நிறையாது. இவ்வாறு அலைந்து ஒருநாள் ஃபரிங்டன் வீதியிலே மரக்கறி உணவுச்சாலை ஒன்றைக் கண்டார். வாயிலருகே கண்ணாடிப் பலகணியின் கீழ் விற்பனைக்கு நூல்கள் வைக்கப்பட்டிருந்தன. ஹென்றி சால்ட் என்பார் மரக்கறி உணவை ஆதரித்து 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலும் அவற்றுள் ஒன்று. ஒரு ஷில்லிங் கொடுத்து அதனை வாங்கிக்கொண்டு உட்சென்று, இங்கிலாந்தை அடைந்தபின் முதன்முறையாக வயிறு நிரம்ப உண்டார்.

சால்ட் என்பவர் யார்? ஆங்கில நாட்டுச் செல்வர் மக்கள் பயிலும் ஈற்றன் கல்லூரியிலே ஆசிரியராயிருந்தவர். அவ்வேலையை உதறிவிட்டுச் சிற்றூரில் எளிய வாழ்க்கையை மேற்கொண்டவர். விலங்குகளுக்கும் உரிமை உண்டு என்று எழுதியவர். சிறைச்சாலைக் கொடுமையையும் வேட்டையையும் ஒருங்கே எதிர்த்தவர். பிற உயிரைக் கொன்று தின்ன வேண்டிய தேவை மனிதனுக்கு இல்லையாயின், கொல்வதற்கு நியாயம் யாது என்பதே அவர் வினா. சமயநூலை ஆதாரமாக்காமல் அறிவையும் நெஞ்சையும் நோக்கி அவர் வாதித்தார்.

அச்சிறுநூலை முழுதும் படித்து முடித்த நாளிலிருந்து அடிகள் தாமே தெரிந்தெடுத்த மரக்கறி உணவினரானார். அதுகாறும் அவர் புலாலைத் தொடாதிருந்தது தாய்க்குக் கொடுத்த சொல்லுக்காகவே. உள்ளத்திலோ, இந்தியர் அனைவரும் இறைச்சி உண்ணல் வேண்டும், என்றேனும் தாமும் வெளிப்படையாக உண்ணல் வேண்டும் என்ற எண்ணம் அகலவில்லை. சபதம் செய்யவேண்டி வந்ததற்காக இப்போது மகிழ்ந்தார். குஜராத்துச் சமணமும் வைணவமும் அளித்தும் தங்காத உறுதி, ஆங்கிலேயர் ஒருவரின் நூலினால் வேரூன்றியது வியப்பே. வீட்டிலுள்ளதன் அருமையை அயலார் எடுத்துச்சொல்லக் கேட்டு அறிதல் நம்மவருக்குப் புதிதன்று.

பின்னர் ஹவாட் வில்லியம்ஸ், அன்னா கிங்ஸ்போட் முதலியோரின் நூல்களையும் தேடிப் படித்தார். பண்டைக் கிரேக்கப் பேரறிஞராகிய பிதாகரஸ் முதலாகப் பல நாட்டுச் சான்றோரும் புலால் மறுத்தவர் என்று அறிந்தார். மசாலையில் இருந்த விருப்பம் குன்றிற்று. முன்பு வாயில் வைக்கவொண்ணாதிருந்த அதே அவித்த கீரை இப்போது சுவைத்தது! சுவை நாவிலன்று, மனத்திலுள்ளது என்று அப்போது அவர் கண்டுகொண்டார்.

இடையில் ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. பழைய நண்பர் அவரை நாடகத்துக்கு அழைத்துச் செல்லுமுன் ஹொல்போன் உணவுச்சாலையில் விருந்துக்கு அழைத்தார். பெரிய சாலை, நாகரிக மாந்தர். முதலில் சூப்பு வந்தது. அது எதனால் ஆனது என்று பரிசாரகனைக் கேட்க எண்ணி அவர் சைகை காட்டினார். நண்பருக்குச் சினம் மூண்டது. நாகரிகமறியாதவர் வேறிடத்தில் உண்டுவிட்டு வெளியே காத்திருக்கலாம் என்றார். அவரும் மகிழ்வோடு எழுந்து வெளியேறினார். அருகிலிருந்த மரக்கறிச் சாலை மூடியிருந்தது. அன்றிரவு பட்டினியோடு நாடகம் பார்த்தார். நட்பு குலையவில்லை.

முட்டையைப் பற்றியும் ஒரு சோதனை வந்தது. முட்டை மாமிசமாகாது என்று சிலர் எழுதியதை நம்பிச் சிலகாலம் உண்டார். பின்னர், சபதத்துக்குப் பொருள் சொல்லவேண்டியவர் புத்தகம் எழுதியவரல்லர், சபதத்தை வாங்கியவரே என்று தெளிந்தார். தாயாரின் கருத்திலே முட்டையும் புலாலே, ஆதலின் விட்டார். அதனால் மரக்கறிச் சாலையிலும் பல பணியாரங்களை விலக்க நேர்ந்தது. சட்டம் படித்த எம்முடைய பழைய மாணவர் சிலருக்கு இவ்விடம் சுவைக்கும். உறுதியின் வாசகத்துக்கு வசதியான பொருள் காண்பதே அத்தொழிலிற் பாதி என்று அவர்களே சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

அவர் இலண்டன் மரக்கறி உணவினர் சங்கத்திற் சேர்ந்து நிருவாக சபை உறுப்பினராயினார். பேஸ்வாட்டர் என்னும் பகுதியிற் குடியிருந்தபோது தாமே ஒரு கழகம் நிறுவினார். அச்சங்கத்து இதழின் ஆசிரியர் வைத்தியர் ஓல்ட்பீல்ட் அதன் தலைவர், புத்தர் பெருமானின் வரலாற்றை ஆங்கிலத்திற் பாடிய சேர் எட்வின் ஆணல்ட் உபதலைவர், காந்தியார் செயலாளர். கழகம் சில மாதங்களே நிலைத்தது. ஆனால் கழகம் நடத்தும் வித்தையை அவர் கற்றது அங்கேதான். 1891ஆம் ஆண்டில் அச்சங்க இதழிலே இந்திய மரக்கறி உணவினரைப் பற்றித் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். பிற்காலத்திலே பல்லாயிரம் பக்கம் எழுதிய கை முதன்முதல் அச்சேறியது இப்பொருள் பற்றியே.

நிருவாக சபையிலே ஒரு பிணக்கு எழுந்தது. சங்கத்தின் தலைவர் ஏ. எப். ஹில்ஸ், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள பெரிய இரும்பு, கப்பற் கட்டுந் தொழிற்சாலையின் அதிபர். அவர் தொழிலாளருக்கென ஏற்படுத்திய உதைபந்தாட்டக் குழுவே பின்னர் வெஸ்ட் ஹாம் என்று பெயர் பெற்றது என்பதை எமது விளையாட்டு வீரர் அறிந்திரார். உறுப்பினரான வைத்தியர் அலின்சன் செயற்கைக் கருத்தடையை ஆதரித்தார். அது ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்று கருதிய ஹில்ஸ் அவரை நீக்க முயன்றார். காந்தியாருக்கு அலின்சனின் கொள்கை உடன்பாடன்று. ஹில்ஸிடத்தோ மிக்க மதிப்பு. ஆயினும் சங்கத்தின் நோக்கம் மரக்கறி உணவு ஒன்றே. வேறு விடயத்தில் மாறுபட்டார் என்று ஒருவரை வெளியேற்றுதல் நியாயமன்று என்று துணிந்தார். எழுதிக்கொண்டு போனதை வாசிக்க எழுந்தபோது நா எழவில்லை. தலைவர் வேறொருவரைக் கொண்டு வாசிப்பித்தார். அலின்சன் தோற்றார். அடிகளும் தம் முதற் போரிலே தோற்ற கட்சியில் இருந்தார்.

பாரிஸ்டர் பட்டம் பெற்று, 1891 ஜூன் 12ஆம் நாள் தாயகம் நோக்கிப் புறப்படுமுன் மரக்கறி நண்பருக்கு விருந்தளித்தார். எங்கே? சூப்புக்காக எழுந்து வெளியேறிய அதே ஹொல்போன் சாலையிலே! முற்றிலும் மரக்கறியாகச் சமைப்பிக்க அதன் முகாமையாளரை இசைவித்திருந்தார். விருந்து சிறந்தது, விருந்தளித்தவரின் பேச்சோ ஒரு வாக்கியத்தோடு நின்றுவிட்டது. ஊர் சேர்ந்ததும் தாயார் இறந்துவிட்டார் என்ற செய்தி காத்திருந்தது. சபதத்தைக் காத்து வந்தேன் என்று சொல்ல அவருக்கு ஆள் இல்லை.

1893ஆம் ஆண்டு தென்னாபிரிக்கா சென்றார். அங்கும் மரக்கறிப் பிரசாரம் நடந்தது. ஜொகன்னஸ்பேர்க்கிலே உணவுச்சாலை விரிவாக்க விரும்பிய பெண்மணி ஒருவருக்கு, தம்மிடம் பணம் வைத்திருந்த கட்சிக்காரர் ஒருவரின் ஆயிரம் பவுணை அவர் இசைவோடு கொடுத்தார். பணம் திரும்பவில்லை; அடிகள் தாமே அக்கடனை இறுத்தார். நல்ல கருமமாயினும் பிறர் பொருளை அதில் இறக்கலாகாது என்று அவர் பின்னர் வருந்தினார்.

யாம் மிகவும் தயங்கி எழுதும் பகுதி இனி வருவது. 1902ஆம் ஆண்டு பம்பாயிலே இரண்டாவது மைந்தர் மணிலாலுக்கு நெருப்புக் காய்ச்சலும் நிமோனியாவும் கண்டன. பிள்ளைக்கு வயது பத்து. முட்டையும் கோழிச் சாறும் கொடுத்தாலன்றித் தேறுதல் அரிது என்றார் பார்சி வைத்தியர். தந்தையார் மறுத்தார். வளர்ந்தவனாயின் அவன் விருப்பத்தைக் கேட்கலாம். சிறுவனுக்காகத் தாமே முடிவு செய்யவேண்டியிருந்தது. ஆயினும் மைந்தனிடமும் சொன்னார். தந்தையின் விருப்பமே தன் விருப்பம் என்றான் அவன். நீர் வைத்தியமும் தோடம்பழச் சாறும் நடந்தன. மூன்று நாளாகியும் காய்ச்சல் 104 பாகையில் நின்றது. இரவிலே பிள்ளை பிதற்றினான். உலகம் என்ன சொல்லும், தமையனார் என்ன சொல்வார், தமது கொள்கைக்காக மகனைப் பலியிட உரிமை உண்டா என்று தந்தை நெஞ்சு கொதித்தது. ஈரத்துணியாற் பிள்ளையைச் சுற்றிப் போர்த்திவிட்டு, மனைவியாரைக் காவல் வைத்து, சௌபாத்திக் கடற்கரையிலே இராம நாமம் செபித்துக்கொண்டு நடந்தார். திரும்பி வந்தபோது பிள்ளைக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கிற்று. நாற்பது நாளிற் பிள்ளை தேறினான். அம்மணிலால் தென்னாபிரிக்காவிலே தந்தையின் பத்திரிகையை நடத்தி 1956 வரை வாழ்ந்தார்.

பிள்ளை பிழைத்ததனால் தந்தை செய்தது சரியாகிவிடுமா? பிழையாதிருப்பின் யாம் இதனை எவ்வாறு எழுதியிருப்போம்? எமக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த வைத்தியரின் சொல்லைத் தட்டும் நெஞ்சுரம் எமக்கில்லை. அதனைக் குறை என்றும் எமக்குத் தோன்றவில்லை. தம் உயிரை வைத்து ஆடுதல் வேறு, மகவின் உயிரை வைத்து ஆடுதல் வேறு. இவ்விடர்ப்பாட்டை அடிகள் மறைக்காமல் தம் வரலாற்றில் எழுதிவைத்தமைக்காகவே அவரை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

கஸ்தூரிபாய் அம்மையாரின் நோய் இதனின் வேறுபட்டது. டர்பனிலே சத்திரசிகிச்சைக்குப் பின் அவர் மிகத் தளர்ந்தார். மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க இசைவு வேண்டும் என்று வைத்தியர் ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்த அடிகளைத் தொலைபேசியிற் கேட்டார். அம்மையார் விரும்பினாற் கொடுக்கலாம் என்றார் அடிகள். நோயாளியைக் கேட்பது தம் முறையன்று என்றார் வைத்தியர். அடிகள் புகைவண்டியேறி டர்பன் சேர்ந்தபோது, சாறு முன்னரே கொடுத்தாயிற்று என்று வைத்தியர் சொன்னார். இது வஞ்சனை என்று அடிகள் நொந்தார். அம்மையார் முடிவு தெளிவாயிருந்தது: இறப்பினும் கணவர் மடியில் இறப்பதன்றி அச்சாற்றைத் தொடார். மழைத்தூறலிலே, எலும்புந் தோலுமாயிருந்தவரைப் பீனிக்ஸ் குடியிருப்புக்குக் கொண்டு சென்றனர். ஆங்கு மெல்லத் தேறினார். இங்கே முடிவு நோயாளியுடையது. ஆதலின் எமது மனம் சிறிது அமைதியுறுகின்றது.

பாலை விட்ட கதையைச் சுருக்கிச் சொல்லுவோம். கல்கத்தாவிலே பசுவிடமும் எருமையிடமும் கடைசித் துளிவரை கறப்பதற்காக இடையர் செய்யும் கொடுமையை அறிந்தமையும் ஒரு காரணமாக, 1912ஆம் ஆண்டு தோல்ஸ்தோய் பண்ணையிலே நண்பர் கலன்பாக்கோடு சேர்ந்து பாலை நீக்கினார். 1918ஆம் ஆண்டு கேடா மாவட்டத்தில் அலைந்ததனால் வயிற்றுளைவு கண்டு சாகும் நிலையை அடைந்தார். பாலின்றி உடல் தேறாது என்று வைத்தியர் தலால் கூறினார். பசுவும் எருமையுமன்றோ விரதத்தில் நினைத்தது, ஆட்டுப்பாலுக்குத் தடை ஏது என்று அருகிலிருந்த கஸ்தூரிபாய் அம்மையார் கேட்டார். அடிகள் இணங்கினார். போராட்டம் காத்திருந்தது, வாழும் ஆசை வென்றது. விரதத்தின் எழுத்தைக் காத்து உயிரைக் கொன்றேன் என்று அவர் கடைசிவரை மனம் புழுங்கினார். இலண்டனில் முட்டைக்குத் தாயார் கருத்தைக் கொண்டவர், இங்கே சொல்லின் நிழலில் ஒதுங்கினார் என்று தம்மைத் தாமே குற்றஞ் சாட்டினார். உலகத்தார் அவரோடு இணைத்துப் படம் வரைந்து மகிழ்ந்த ஆடு, அவருக்குத் தம் தோல்வியின் அடையாளமாயிருந்தது.

1927 நவம்பரில் அடிகள் இலங்கைக்கு வந்தார். கதர் நிதிக்காக யாழ்ப்பாணத்துக்கும் வந்து மாணவரிடையே பேசினார். அக்காட்சியைக் கண்ட தலைமுறை மறைந்துவிட்டது.

வட்டமேசை மகாநாட்டுக்காக 1931ஆம் ஆண்டு மீண்டும் இலண்டன் சென்றபோது, நவம்பர் 20ஆம் நாள் பழைய மரக்கறி உணவினர் சங்கத்தார் அவரை வரவேற்றனர். உடல் நலத்துக்காக மாத்திரம் மரக்கறியை ஏற்றோர் நோய் வந்ததும் அதனைக் கைவிடுவர், அறத்தின்மீது நின்றவரே நிலைப்பர் என்று அன்று அவர் பேசினார். மரக்கறி உண்போர் உணவையும் நோயையும் பற்றியே ஓயாது பேசுவதையும், பிறரிடத்துப் பொறுமையின்றி ஒழுகுவதையும் இடித்துரைத்தார். நாற்பதாண்டுகளுக்கு முன் அச்சங்கத்திலே நா எழாது நின்றவர் அவரே.

அன்று மேடையிலே அவரருகில் வெண்ணரை முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவருக்கு வயது 80. ஃபரிங்டன் வீதியிலே ஒரு ஷில்லிங்குக்கு விற்ற அந்நூலை எழுதிய ஹென்றி சால்ட் அவர்.